புதுப்பிப்பு: ஹாலைத் தடுத்து அப்பாவுக்கு ஓர் அறை

மூன்று மாதத்துக்கு முன், 22க்கு 11 அடி ஹாலைத் தடுத்து அப்பாவுக்கு ஒரு சின்ன படுக்கையறை எடுக்கலாமா, செங்கல் சுவரா ஜிப்சம் போர்டா என்று கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை அப்பா வந்துவிட்டார்.

செங்கலை விட்டுவிட்டோம். எங்களுடையது இரண்டாவது மாடி. தடுப்பு வரும் இடத்தில் கீழே பீம் இல்லை. நாலரை அங்குலச் சுவர் எழுப்பினால் பூச்சோடு இரண்டு டன்னைத் தாண்டும், வேண்டாம் என்றார் இன்ஜினியர். ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) நிறுத்தி, இருபக்கமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு அடித்தோம். நடுவில் ராக்வூல் (சத்தத்தை அடக்கும் பஞ்சு போன்ற பொருள்) வைக்கச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. ஹாலில் டிவி ஓடினாலும் உள்ளே பேச்சு புரிவதில்லை. மிச்சச் சத்தம் கதவின் அடி இடைவெளி வழியாகத்தான் வருகிறது. ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும்.

அறை 8க்கு 11. ஜன்னல் அந்தப் பக்கம் போய்விட்டதால் ஹால் இருண்டுவிடுமோ என்று பயந்தேன். அதனால் தடுப்பில் ஏழடிக்கு மேல் கண்ணாடி வைத்தோம். காலை வெயில் சோபா வரை வருகிறது.

ஒன்றைத் தவறவிட்டோம். அறைக்குள் வந்த ஃபேனுக்கு சுவிட்ச் ஹாலிலேயே இருந்தது. முதல் நாள் ராத்திரி குளிரெடுத்து, அப்பா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து நின்றார். மனசு கேட்கவில்லை. மறுநாளே எலக்ட்ரீஷியனை அழைத்து, கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் மாற்றிவிட்டோம். நீங்கள் தடுப்பு போடுவதாக இருந்தால் ஜிப்சம் போர்டு அடித்து மூடும் முன்பே வயர் இழுத்துவிடுங்கள். கனமாக எதையாவது மாட்டுவதென்றால் பின்னால் பிளைவுட்டும் அப்போதே. அப்பாவின் சாமி அலமாரிக்கு அப்படித்தான் வைத்தோம்.