நம்ம வீட்டுக் குழுவில் ஒரு டாப்ளர் மாலை

கார்த்தி: (குரல் பதிவு)

கார்த்தி: ஆன்லைனில் வாங்கிய டாப்ளர் மெஷின் வந்துவிட்டது. சித்ராவின் வயிற்றில் வைத்தேன். கேளுங்கள், உள்ளே இருக்கும் பாப்பாவின் இதயத்துடிப்பு!

கமலா: அடடா, கேட்டதும் அழுகையே வந்துவிட்டது.

ராஜு மாமா: வேகமாக அடித்தால் பெண் என்பார்கள். நம்பர் எவ்வளவு காட்டுகிறது?

கார்த்தி: 88, மாமா.

ராஜு மாமா: அப்போ பையன்தான்!

மல்லிகா சித்தி: அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்கள். ஆணோ பெண்ணோ, வழக்கமாக நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். கார்த்தி, மெஷினை எடுக்காமல் சித்ராவின் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார். இரண்டும் சேர்ந்து அடிக்கிறதா?

கார்த்தி: ஆமாம் சித்தி, ஒன்றாகத்தான் அடிக்கிறது.

மல்லிகா சித்தி: அப்போ அது சித்ராவின் துடிப்பு. நஞ்சுக்கொடியில் ஓடும் ரத்தமும் உஷ் உஷ் என்று கேட்கும், பழகாத காதுக்கு வித்தியாசம் தெரியாது. நான் துணை சுகாதார நிலையத்தில் இருந்தபோது, வயிற்றைத் தடவிக் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கேதான் துடிப்பு கேட்கும் குழலை வைப்பேன். பினார் என்ற பிரெஞ்சு டாக்டர் 1895-இல் செய்த குழல் அது. பேட்டரியே வேண்டாம்.

கமலா: அப்போ நான் அழுதது மருமகள் நாடிக்கா?

சித்ரா: சின்ன அத்தை, காலையிலிருந்து அசைவு கம்மியாகத் தெரிகிறது. அதனால்தான் மெஷின் வைக்கச் சொன்னேன். சத்தம் கேட்டதும் நிம்மதியாக இருந்தது.

மல்லிகா சித்தி: அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். பாப்பாவின் துடிப்பே கேட்டிருந்தாலும், அந்த நேரத்தில் இதயம் ஓடுகிறது, அவ்வளவுதான். குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உள்ளே சிரமம் இருந்தால் பல நேரம் அசைவுதான் முதலில் குறையும். உனக்கு 31 வாரம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

கமலா: ஜூஸ் குடித்துவிட்டு, இடது பக்கம் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கட்டுமே?

மல்லிகா சித்தி: அக்கா, ஜூஸை வண்டியில் குடிக்கட்டும். சித்ரா, போனதும் "அசைவு குறைந்திருக்கிறது" என்பதை முதலில் சொல். ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காதே.

கார்த்தி: கிளம்பிவிட்டோம்.

இரவு 8:50

சித்ரா: வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, பேப்பரில் கோடு ஓட விட்டார்கள். துடிப்பு 140 பக்கம். பாப்பா அசையும்போது கொஞ்சம் ஏறுகிறது, அது நல்ல அறிகுறியாம். பனிக்குடத் தண்ணீரும் போதுமான அளவு இருக்கிறது. அங்கே போனதும் நாலு உதை வேறு!

மல்லிகா சித்தி: அப்பாடா. நாளைக்கே மறுபடி குறைந்தாலும் மறுபடி போக வேண்டும். நேற்றுத்தானே பார்த்தார்கள் என்று கூச்சப்படாதே. மெஷினை எடுத்து உள்ளே வை.

ராஜு மாமா: திருப்பி அனுப்பினால் பணம் தருவார்களா?

கார்த்தி: பிரித்துவிட்டால் எடுக்க மாட்டார்களாம் மாமா.

கமலா: போனால் போகட்டும். இட்லி ஊற்றிவிட்டேன், நேராக இங்கே வாருங்கள்.