இணைய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக் கடைசி நாள்: யோசனை சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே ஓர் இணையவழித் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 18 பிள்ளைகள். பண்ருட்டி, நெய்வேலி, முத்தியால்பேட்டை என்று ஆளுக்கொரு ஊர். இரண்டு பேர் துபாயில். ஏப்ரல் கடைசியில் வகுப்பு முடிகிறது.

மற்ற பள்ளிகளில் ஆண்டு விழா, குரூப் போட்டோ, மிட்டாய் எல்லாம் உண்டு. எங்களுக்கு மடிக்கணினியை மூடினால் சரி, முடிந்தது. போன வருடம் எல்லாரும் போன பிறகும் ஒரு பையன் திரையிலேயே உட்கார்ந்திருந்தான். "மிஸ், அவ்வளவுதானா?" என்றான். இன்னும் உறுத்துகிறது.

வினாடி வினா மட்டும் வேண்டாம் (எப்போதும் அதே நாலு பேர்தான் பதில் சொல்வார்கள்). பண்ருட்டிப் பிள்ளை பலாப்பழம் அறுப்பதை நேரலையில் காட்டலாம், சீசனும் அதுதான். ஒருவருக்கொருவர் அஞ்சலட்டை எழுதச் சொல்லலாம். முகவரி வெளியே போகாமல் நானே வாங்கி அனுப்பிவிடுவேன். பக்கத்து ஊர்க்காரர்களை மட்டும் சாயங்காலம் வெள்ளிக் கடற்கரைக்கு வரச் சொன்னால், துபாய்ப் பிள்ளைகள் ஏங்கிப்போவார்களோ?

அப்புறம் ஒரு கவலை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு மாதமாகக் கேமராவைத் திறப்பதே இல்லை. கட்டாயப்படுத்தவில்லை. கண் வலிக்காமலிருக்க 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி தூரத்தில் பார்க்கச் சொல்வேன், அதையும் செய்கிறாளா தெரியாது. அவள் அம்மாவிடம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 கொடுத்திருக்கிறேன். ஆசிரியையாக நான் அவளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். செலவில்லாத விளையாட்டு தெரிந்தாலும் எழுதுங்கள்.