வெள்ளத் தடுப்புக்கு வந்த 561 கோடியும் நிவாரணக் காசும் ஒண்ணா?

வேளச்சேரிக்காரன்:
2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ சென்னைக்கு 561.29 கோடில ஒரு திட்டம், அதுல சென்ட்ரல் பங்கு 500 கோடின்னு சொன்னாங்களே, அது நிவாரணமா இல்ல கால்வாய் கட்டுற காசா? டிவில ஒருத்தர் 37,000 கோடி கேட்டோம்ங்கறார், இன்னொருத்தர் 276 கோடி வந்துச்சேங்கறார், தலையே சுத்துது.

கீழ்த்தளவாசி:
மூணும் வேற வேற பாஸ். 37,000 கோடி சொச்சம், மிக்ஜாமுக்கும் அதே மாசம் நெல்லை தூத்துக்குடில கொட்டுன மழைக்கும் சேர்த்து ஸ்டேட் கேட்டது. 276 கோடி, தேசிய பேரிடர் நிவாரண நிதிலேர்ந்து 2024 ஏப்ரல்ல ரிலீஸ் ஆனது. 561 தணிப்பு நிதித் திட்டம், அடுத்த வெள்ளத்தைக் குறைக்கிற வேலைக்கு மட்டும்தான், அதை எடுத்து வீட்டுக்கு வீடு குடுக்க முடியாது. மிக்ஜாம் அப்போ பாதிச்ச குடும்பத்துக்கு நிவாரணமா வந்த அந்த 6000 ரூபா ஸ்டேட் குடுத்தது.

மழைக்கோட்டு:
மாநில பேரிடர் நிதின்னு ஒண்ணு வருஷா வருஷம் இருக்கு, 75 பங்கு சென்ட்ரல் 25 ஸ்டேட். அது பத்தலைன்னாதான் டெல்லிலேர்ந்து டீம் வந்து பாத்து, ரிப்போர்ட் குடுத்து, அப்புறம் தேசிய நிதி. அதான் லேட்.

தெருக்கோடி:
காசு வந்தா மட்டும்? எங்க தெருவுல வடிகால் புதுசா போட்டாங்க, தண்ணி இறங்குற ஓட்டை ரோட்டை விட நாலு விரக்கடை உசரத்துல இருக்கு. தண்ணி என்ன எகிறிக் குதிச்சா உள்ள போகும்?

வேளச்சேரிக்காரன்:
ஹாஹா, போட்டோ இருந்தா போடுங்க. கீழ்த்தளவாசி, இப்பதான் புரிஞ்சுது, நன்றி.