புதுப்பிப்பு: பனிமூட்டத்துக்குப் பயந்த மகள்

நுவரெலியாவில் எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) எதிரே உள்ள மலையைப் பனிமூட்டம் மறைத்ததும், "மலையப் பனி தின்னுருச்சு" என்று அழுத என் இரண்டரை வயது மகளைப் பற்றிச் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஆலோசனை கூறிய அனைவருக்கும் நன்றி.

திரைச்சீலையை மூடியது அவள் அச்சத்தைக் கூட்டவே செய்தது. கேத்தல் ஆவியைக் காட்டச் சொன்ன அக்காவின் யோசனையே பலித்தது. பனிமூட்டமும் அந்த ஆவியைப் போல நீர்த்துளிகளாலான, தரையைத் தொடும் மேகந்தானே! ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து தேயிலைச் செடிகளை மறைத்ததையும், துணியால் துடைத்ததும் அவை மீண்டும் தெரிந்ததையும் (அவளைத் தள்ளி நிறுத்தியே) நான்கு நாட்கள் காட்டினேன். ஐந்தாம் நாள் அழுகை நின்றது.

எதிர்பாராதது என்னவென்றால், பனி இறங்கினாலே இப்போது, "அப்பாயி, மலை தேத்தண்ணி ஊத்துது" என்று பாட்டியிடம் கூவி, மலையைத் துடைக்கத் துணி கேட்டு அடம்பிடிக்கிறாள்.