எஃப்.சி.க்கு முன்னால் பிரேக் டிஸ்க்கின் உள்பக்கத்தையும் பாருங்கள்

பொள்ளாச்சியில் டாக்ஸி ஓட்டுகிறேன். வால்பாறை சவாரிதான் அதிகம். 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது முழுப் பாரமும் பிரேக்கின் தலையில்தான். வண்டிக்கு 8 வயது தாண்டிவிட்டதால் இப்போது வருடா வருடம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று).

இந்தத் தடவை எஃப்.சி.க்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆழியாறு பக்கம் இறங்கையில் பிரேக் பெடல் காலடியில் லேசாகத் துடித்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பவை பேடு. ஒர்க்‌ஷாப்பில் வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்து, "பேடு பாதி இருக்குதுங்க, டிஸ்க்கும் பளபளன்னு இருக்குது, தாராளமா காட்டலாம்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வீட்டில் முன் சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கம் விரலை விட்டால் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு கோடாகப் பள்ளம். காலிபர் (பேடுகளை அழுத்தும் கவ்வி) நகர்வதற்கான பின், அதாவது ஊசி, துருவேறி இறுகிப்போய், உள் பேடு மட்டும் டிஸ்க்கைத் தின்றிருக்கிறது.

டிஸ்க்கின் தடிமனை அளக்க வெர்னியர் வைத்தேன். 21.4 மி.மீ. டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவு 20. அப்பாடா என்று எழுந்திருக்கப் போனவன், டிஸ்க்கின் ஓரத்தைப் பார்த்தேன். பேடு படாத அந்த விளிம்பு தேயாமல் மேடாக நிற்கிறது. வெர்னியர் அதைத்தான் பிடித்து அளந்திருக்கிறது! விளிம்பில் படாமல் உள்ளே அளக்க மைக்ரோமீட்டர் கைவசம் இல்லை. இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைச் சேர்த்து அளந்தேன், 3.8. பேடு ஓடுகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து மறுபடி அளந்தால் 23.2. கழித்தால் 19.4 தான். சுற்றிலும் ஆறு இடத்தில் பார்த்தேன், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அளவு. பெடல் துடித்ததற்குக் காரணம் அதுதான்.

லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். ஏற்கெனவே அளவுக்குக் கீழே போனதை இன்னும் கடைவதா? குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற வண்டி இது. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேடு மாட்டி, காலிபர் பின்னையும் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தோம்.

அப்புறம் ஒன்று, எஃப்.சி.க்கு முந்தின நாள் ராத்திரி இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய ஓட்டம் வேண்டும். நான் முதல் மூன்று நாள் உடுமலை, பழனி என்று சமதளச் சவாரி மட்டும் எடுத்தேன், மிதமாகவே பிரேக் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் வால்பாறை.