வார்டில் பாட்டும் படமும்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

இழையைத் தொடங்குபவர்: ஓய்வு பெற்ற இசை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக, வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில், ஓர் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் பாடி வருகிறேன். மருத்துவமனைகளுக்குள் இசையையோ ஓவியத்தையோ கொண்டுசென்றவர்களும், நோயாளியாகவோ உடனிருந்தவராகவோ அதை எதிர்கொண்டவர்களும், நல்லதோ கெட்டதோ, தங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் நாள் நான் ஒரு பட்டியலோடு போனேன். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியல்களில் ஒன்றுதான் அது. தூக்கத்துக்கு நீலாம்பரி என்று இருந்ததால், இரவெல்லாம் உறங்கவில்லை என்று சிஸ்டர் சொன்ன ஓர் அம்மாளின் கட்டிலருகே அமர்ந்து ஆலாபனையைத் தொடங்கினேன். கீமோ ஏறிக்கொண்டிருந்த அவர், மரியாதைக்காகச் சிறிது நேரம் பொறுத்திருந்துவிட்டு, "டீச்சரம்மா, நடவுப் பாட்டு ஏதாச்சும் வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். நாற்பது ஆண்டுகள் பாட்டுச் சொல்லிக்கொடுத்த நான், ஒருவர் கேட்ட பாட்டு எனக்கு வராது என்று வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவரே பாடத் தொடங்கினார். என் சுருதிப் பெட்டி ஐந்து கட்டையில் இருந்தது. அவர் குரலோ மூன்றுக்கும் கீழே. குமிழைத் திருகித் திருகி அவருடைய சுருதிக்கு இறக்கிக்கொண்டு வருவதற்குள் இரண்டு அடிகள் முடிந்து, அவருக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது அடியை எதிர்க் கட்டிலில் இருந்தவர் எடுத்துக்கொடுத்தார்.

அதன் பிறகு பட்டியலை எடுத்துச் செல்வதில்லை. கட்டிலருகே நின்று, பாடலாமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் கைகூப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். ஊசி, ஸ்கேன், சாப்பாடு, விளக்கணைக்கும் நேரம் என எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்யும் ஓர் இடத்தில், நோயாளி மறுக்கக்கூடிய ஒன்றாக என் பாட்டாவது இருக்கட்டும். நான் சிகிச்சையாளர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரி மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசைச் சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது. முறையாகப் பயின்றவர்கள் நோயாளியின் நிலையை மதிப்பிட்டுக் குறிப்பெழுதிச் செய்யும் பணி வேறு, என்னைப் போன்ற தன்னார்வலர் பாடிவிட்டு வருவது வேறு.

மறுமொழி: மயக்கவியல் மருத்துவர்

ஸ்பைனல், அதாவது முதுகுத்தண்டில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மயக்க மருந்து, கொடுத்து அறுவை செய்யும்போது நோயாளி விழித்திருக்கிறார் என்பதைத் தியேட்டரில் இருக்கும் நாங்களே பல நேரம் மறந்துவிடுகிறோம். எலும்பு அறுவையில் சுத்தியல் சத்தமும் டிரில் சத்தமும் அவர் காதில் விழுகின்றன. அதனால் பாட்டுக் கேட்க நான் ஹெட்போன் கொடுக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் புதிய உறை மாட்டி, நாங்கள் சொல்வது கேட்பதற்காக ஒரு காதை மட்டும் சற்றே விலக்கி வைப்போம்.

2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு ஒன்று, 73 சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ 7,000 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலி மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. ஆசிரியையின் கருத்துக்கு ஒரு சிறு இடையூறும் அதே ஆய்வில் இருக்கிறது. இசையைத் தேர்ந்தெடுத்தவர் நோயாளியா மற்றவரா என்பதால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை என்று அது சொல்கிறது. ஆக, என் கைப்பேசியில் இருக்கும் எதையாவது போட்டுவிட்டாலும் வலியளவு குறையக்கூடும். இருந்தும் நான் கேட்டுத்தான் போடுகிறேன். வலியளவுக் கோல் அளக்காதவையும் சில இருக்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு பெரியவர், ஹெட்போனைக் கையால் தள்ளிவிட்டு, "நீங்க என்ன பேசிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியணும் டாக்டர்" என்றார். அவர் தச்சு வேலை செய்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று முழுவதும் நாங்கள் சற்றுக் கவனமாகப் பேசினோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி: நோயாளியின் மகள்

ஒரு தனியார் மருத்துவமனையில் என் தாயாரோடு பதினோரு நாட்கள் இருந்தேன். வார்டின் கூரையில் ஒலிபெருக்கி பொருத்தி, காலை ஐந்தரை மணியிலிருந்து அதே நான்கு பக்திப் பாடல்களைச் சுற்றிச் சுற்றி ஒலிக்கவிட்டார்கள். ஒலியைக் குறைக்கும் பொத்தான் எங்கே என்று கேட்டதற்கு, அது அலுவலக அறையில் இருக்கிறது, இசை நோயைக் குணப்படுத்தும், எதற்குக் குறைக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். நோயாளிகள் இருக்கும் அறையில் இரவு ஒலியளவு 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டியிருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். முன்பே தெரிந்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? அந்த நான்கு பாடல்களும் என் தாயார் வீட்டில் விரும்பிக் கேட்டவைதான். இப்போது எங்கேனும் ஒலித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

மறுமொழி: ஓவிய ஆசிரியர்

குழந்தைகள் வார்டின் சுவர்களில் ஓவியம் தீட்டும் பணி எங்கள் குழுவுக்குக் கிடைத்தபோது, நாங்களும் பட்டியலோடுதான் போனோம். ஒரு கோமாளி, ஒரு புலி, வானவில். நோயாளிகளை வேறு வார்டுக்கு மாற்றி, பெயின்ட் வாடை முழுவதும் போன பிறகே திரும்ப அழைத்து வர வேண்டும். சுவர் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். கண்ணாடிச் சட்டம் கூடாது என்று தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு சொன்னவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தோம். குழந்தைகளிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் இரவு, விளக்கணைந்ததும் புலியின் கண்கள் தெரிவதாக ஒரு குழந்தை அழுது, மற்ற குழந்தைகளும் சேர்ந்து அழுது, மறுநாள் காலை சிஸ்டர் புலியின் முகத்தில் பழைய நாட்காட்டி ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ராஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிட முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அவரே பின்னர் ஸ்வீடனின் உப்சாலாவில் இதய அறுவை நோயாளிகளின் கண்ணெதிரே படங்களை வைத்துப் பார்த்தார். நீரும் மரமும் உள்ள இயற்கைக் காட்சி பதற்றத்தைக் குறைத்தது. செவ்வக வடிவங்களாலான அரூப ஓவியமோ, படமே இல்லாததைவிட மோசமாக இருந்தது. எதையாவது மாட்டினால் வெற்றுச் சுவரைவிட மேல்தானே என்று நினைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல குட்டு. கோமாளியும் தப்பவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 250க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மருத்துவமனை அலங்காரம் பற்றிக் கேட்டபோது, கோமாளிப் படம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

எனவே இரண்டாம் முறை தாளும் கிரேயானும் கொண்டுபோய்க் கேட்டோம். ஒரு பெட்டியைப் பலர் தொடக்கூடாது என்பதால் ஆளுக்கொரு பெட்டி. மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃப்ளான் வலக்கையில் இருந்த ஒரு சிறுவன் இடக்கையால், மணிக்கணக்கில், ஒரு பேருந்தை வரைந்தான். முன்பக்கப் பலகையில் அவன் ஊர்ப் பெயர் தலைகீழாக இருந்தது. அதை அப்படியே பெரிதாக்கிச் சுவரில் தீட்டினோம். பலகையைத் திருத்திவிடலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றான்.

சுவரைவிடக் கூரைதான் முக்கியம் என்று சொன்னதும் அந்தக் குழந்தைகளே. படுத்திருப்பவருக்குத் தெரிவது அதுதான். நிற்பவர்களாகிய எங்களுக்கு அது தோன்றவே இல்லை. கூரையில் மரக்கிளைகளும் மேகமும் வரைய ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மூன்றாவது டியூப்லைட்டுக்கு அருகே ஒரு முழ இடத்தில் எதுவும் வரையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மாலையில் அங்கே ஒரு பல்லி வருமாம். வரைந்துவிட்டால் அது வந்திருப்பது தெரியாமல் போய்விடுமாம். பல்லியைப் பற்றிச் சிஸ்டருக்கு வேறு கருத்து இருந்தது. இருந்தாலும் அந்த ஒரு முழம் இன்னமும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.