பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அம்மாவின் கையெழுத்து இல்லை. அதில் எழுதிய மாதப் பணத்தை அவர் கேட்க முடியுமா?

காவிரிக்கரை மகள்:
வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய வீட்டையும் ஆறு மா நஞ்சையையும் அண்ணன், தம்பி இருவருக்கும் உயில் எழுதிவிட்டுப் போனார். 2017-ல் அவர்கள் பாகம் பிரித்துப் பதிவு செய்துகொண்டார்கள். அம்மா இருக்கும்வரை ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுப்பதாக அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அம்மா அதில் பார்ட்டி இல்லை. சாட்சிக் கையெழுத்துகூட போடவில்லை.

அண்ணன் தவறாமல் கொடுக்கிறார். தம்பி நிறுத்தி 26 மாதம் ஆகிறது. கேட்டால், "பத்திரம் எனக்கும் அண்ணனுக்கும்தான், இதில் அம்மா யார்?" என்கிறான். அதைக் கேட்ட அன்று அம்மா சாப்பிடவே இல்லை. இப்போது தன் பங்கு நிலத்தை விற்க அட்வான்ஸும் வாங்கிவிட்டான். அம்மாவுக்கு 74 வயது. அவரே வழக்குப் போடலாமா? நிலம் கைமாறிவிட்டால் என்ன ஆகும்?

சட்டக் கல்லூரி மாணவன்:
அக்கா, உங்கள் தம்பி சொல்வது பொது விதிதான். இங்கிலாந்தில் 1861-ல் ட்வெடில் வழக்கு. மாப்பிள்ளைக்குப் பணம் தருவதாக இரண்டு சம்பந்திகளும் ஒப்பந்தம் போட்டார்கள். மாப்பிள்ளை போய்க் கேட்டபோது, நீ ஒப்பந்தத்தில் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 1969-ல் சாக்கோ வழக்கில் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. அதனால் அண்ணன்தான் வழக்குப் போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தஞ்சை வக்கீல்:
விதி சரி. ஆனால் சாக்கோ தீர்ப்பை முழுக்கப் படியுங்கள், விதிவிலக்கும் அதிலேயே இருக்கிறது. ஒருவருடைய நன்மைக்காக டிரஸ்ட் போன்ற ஏற்பாடு இருந்தாலோ, குடும்ப ஏற்பாட்டில் அவருக்கென்று ஒதுக்கியிருந்தாலோ, கையெழுத்துப் போடாதவரும் கேட்கலாம். சாக்கோ வழக்கில் கேட்டது ஒரு வங்கி. கடனை யார் அடைப்பது என்று ஒரு குடும்பம் தங்களுக்குள் எழுதிக்கொண்டதை வைத்து அது உரிமை கோரியது. வங்கிக்கு நல்லது செய்யவா அந்தப் பத்திரத்தை எழுதினார்கள்? உங்கள் பத்திரத்தில் அந்த வரியே அம்மாவுக்காக எழுதியது.

கிட்டத்தட்ட இதே கதை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்பே வந்திருக்கிறது. சுப்பு அம்மாள் வழக்கு. பாகம் பிரித்த இரண்டு சகோதரர்கள், தாயின் ஜீவனத்துக்கு ஆளுக்குச் சரிபாதி போட்டு ஒரு தொகையை முதலீடு செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். அந்த முதலீட்டைச் செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு என்று தீர்ப்பானது.

அம்மா பதிலுக்கு என்ன கொடுத்தார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 2(டி) பிரிவுப்படி மறுபயன் வேறொருவரிடமிருந்து வந்தாலும் போதும். 1882-ல் சின்னையா - ராமய்யா வழக்கிலேயே சென்னை நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதனால் அம்மா தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். அண்ணனையும் எதிர்வாதியாகச் சேருங்கள், பத்திரத்தைப் பற்றி அவர் சாட்சி சொல்வார்.

நிலம் வேறு விஷயம். பத்திரத்தில் அந்தத் தொகைக்கு என்ன பொறுப்பு காட்டியிருக்கிறது? அந்த வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

காவிரிக்கரை மகள்:
ஐயா, நகல் எடுத்துப் பார்த்தேன். "மேற்படி தொகைக்கு அவரவர் பாகத்துக்கு ஒதுக்கப்பட்ட சொத்தே பொறுப்பாகும்" என்று இருக்கிறது.

தஞ்சை வக்கீல்:
நல்ல வரி. இதை எழுதிய பத்திர எழுத்தர் நன்றாக இருக்கட்டும். தம்பியின் நிலத்தின் மேல் அம்மாவுக்கு சார்ஜ், அதாவது பணத்துக்கு அந்த நிலமே ஈடாக நிற்கும் பொறுப்பு, இருக்கிறது என்று வாதாட இது போதும். சொத்து மாற்றுச் சட்டம் 100-ஆம் பிரிவின்படி, விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரை சார்ஜ் கட்டுப்படுத்தாது. தெரிந்து வாங்கியவரைக் கட்டுப்படுத்தும். 2017 பத்திரம் பதிவானது, வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும். பதிவான பத்திரத்தில் இருப்பதை வாங்குபவர் அறிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்தே போடாத அவரும் சுமையோடுதான் நிலத்தை வாங்குவார்.

ஆனாலும் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கிரயம் ஆவதற்குள் தம்பிக்கும் வாங்குபவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறம், சார்ஜ் உள்ள பணத்துக்கு 12 வருஷம் கெடு என்றாலும், வெறும் ஜீவனாம்ச பாக்கிக்கு ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனியாக மூன்று வருஷம்தான். 26 மாதம் என்றால் 1,04,000 ரூபாய். இனியும் தள்ளிப்போட்டால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கெடு தாண்டும்.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்:
அம்மா மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கஷ்டப்படுகிறார் என்றால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். அதற்குப் பத்திரம் தேவையில்லை, பெற்ற தாய் என்பதே போதும். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், இடைக்காலமாகவும் கேட்கலாம்.

காவிரிக்கரை மகள்:
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை நோட்டீஸ் அனுப்பினோம். வாங்க இருந்தவர் அண்ணனைக் கூப்பிட்டு, அம்மா விஷயம் தீராமல் கிரயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தம்பி இன்னும் பேசவில்லை. கோட்டாட்சியருக்கான மனுவில் அம்மா இன்று காலை கையெழுத்துப் போட்டார்.